அரசியல் சட்டத்தில் ஒரு சொல்

யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், பங்குத் தந்தையரின் வரிசையும், நன்கொடையாளர் பட்டியலும் இடம்பெறுவது வழக்கம். அவற்றையெல்லாம் இம்மலரின் பிற பக்கங்களில் காணலாம். நாம் இங்கே எடுத்துக்கொண்டது ஒரு சொல்லின் வரலாறு. நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, மனிதர் அனைவருக்கும் மனச்சான்றின் சுதந்திரம் உண்டென்றும், தம் சமயத்தை வெளிப்படையாக ஏற்கவும், கைக்கொள்ளவும், பரப்பவும் உரிமை உண்டென்றும் கூறுகிறது. அவற்றுள் 'பரப்பவும்' என்னும் சொல் எளிதில் வந்ததன்று.

1947-இல் அடிப்படை உரிமைகள் துணைக்குழு எழுதிய முதல் வரைவில் அச்சொல் இல்லை. ஏற்பதும் கைக்கொள்வதும் மட்டுமே இருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் மாதம், வங்காளக் கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜியின் தலைமையில் சிறுபான்மையினர் துணைக்குழு கூடியபோது, சென்னையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பேரறிஞர் எம். இரத்தினசாமி இக்குறையைச் சுட்டிக்காட்டினார். கிறிஸ்தவமும் இஸ்லாமும் இயல்பிலேயே தம்மை அறிவிக்கும் சமயங்கள்; அறிவிப்பதை விலக்கிவிட்டு அவற்றிற்குச் சுதந்திரம் கொடுத்தோம் என்பது பொருளற்றது என்பது அவர் வாதம். துணைக்குழு அதை ஏற்றது.

உடனே எதிர்ப்பும் கிளம்பியது. மே 1 அன்று அரசியல் நிர்ணய சபையில், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் மதமாற்றம் சட்டப்படி செல்லாது எனச் சேர்க்கவேண்டும் என்று கே. எம். முன்ஷி திருத்தம் கொண்டுவந்தார். பெற்றோர் திருமுழுக்குப் பெற்றால் கைக்குழந்தையின் நிலை என்ன? இவ்வினாவை எழுப்பியோருள், லொயோலா கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்த சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் ஒருவர். விஷயம் மீண்டும் ஆலோசனைக் குழுவுக்குச் சென்றது. வற்புறுத்திச் செய்யும் மதமாற்றம் செல்லாது என்பது யாவரும் அறிந்த நியதி, அதை அரசியல் சட்டத்தில் எழுதத் தேவையில்லை என்று சொல்லி, சர்தார் பட்டேலின் தலைமையில் இருந்த அக்குழு ஆகஸ்டு மாதத்தில் அந்த விதியையே கைவிட்டது.

முக்கியமான நாள் 1948 டிசம்பர் 6. ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா, 'பரப்புதல்' என்ற சொல்லை நீக்கவேண்டும் என்று கடுமையாகப் பேசினார். அதைக் காக்க எழுந்தவர்களில் பலர் இந்துக்கள் என்பதை நம் மக்கள் நினைவில் வைக்கவேண்டும். மதுரையின் எல். கிருஷ்ணசாமி பாரதி, இவ்வுரிமை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கொடுக்கப்படுவதன்று, எல்லாச் சமயத்தாருக்கும் உரியது என்றார். சென்னையின் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் பயின்றதாகவும், தம்மை மதம் மாற்ற ஒருவரும் முயன்றதில்லை என்றும் சாட்சி சொன்னார். தாழ்த்தப்பட்டோர் பலர் கிறிஸ்தவர் ஆனதற்கு, அங்கே கிடைத்த சமநிலையும் ஒரு காரணம். சக மனிதரை நாம் நடத்தும் விதத்தைப் பாருங்கள் என்று அவையை அவர் கேட்டுக்கொண்டார். அந்தச் சமநிலை உள்ளபடியே கிடைத்ததா என்று அவையில் யாரும் கேட்கவில்லை. கோவிலுக்குள் தனி இடமும், இறந்தபின் தனிக் கல்லறையும் ஒதுக்கிய தமிழ்நாட்டுப் பங்குகளை அறிந்த நாம் கேட்காமல் இருக்க முடியாது. அன்று முன்ஷியும் அச்சொல்லுக்கு ஆதரவாகவே பேசினார். அது சிறுபான்மையினரோடு செய்துகொண்ட உடன்பாடு, அதை மீறலாகாது என்றார். அன்றே அப்பிரிவு நிறைவேறியது.

ஆயினும் சென்னையின் கே. சந்தானம் அன்று ஓர் எச்சரிக்கை விடுத்தார். இப்பிரிவு உரிமையைக் கூறித் தொடங்கவில்லை. பொது ஒழுங்கு, நன்னெறி, உடல்நலம் ஆகியவற்றிற்கு உட்பட்டு என்றே தொடங்குகிறது என்பதை அவர் கவனித்தார். 19-ஆம் பிரிவின் பேச்சுரிமைக்கும் எல்லைகள் உண்டு. பத்திரிகை என்ற சொல்லே அப்பிரிவில் இல்லை. பேச்சுரிமைக்குள் அது அடக்கம் என்பது நீதிமன்றங்கள் கண்ட முடிவு. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' ஏட்டைச் சென்னை அரசு தன் எல்லைக்குள் தடைசெய்தபோது, உச்ச நீதிமன்றம் 1950-இல் அத்தடையை நீக்கியது. மறு ஆண்டே முதலாவது திருத்தம் வந்து, பேச்சுரிமையின் எல்லைகளுக்குள் 'பொது ஒழுங்கு' என்பதையும் சேர்த்துவிட்டது.

'பரப்புதலின்' எல்லையும் அதே 'பொது ஒழுங்கின்' பெயரால்தான் வந்தது. 1967-இல் ஒரிசாவும், 1968-இல் மத்தியப் பிரதேசமும் மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றின. வற்புறுத்தல், ஏமாற்றுதல், ஆசைகாட்டுதல் ஆகியவற்றால் மதம் மாற்றுவது குற்றம். இதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் மத்தியப் பிரதேசத்தில், மதமாற்றச் சடங்கு நடத்தும் குரு அதை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கத் தவறினாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. குரு ஸ்தனிஸ்லாஸ் அவர்கள் தொடுத்த வழக்கில், அம்மாநில உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஒரிசா உயர் நீதிமன்றமோ தன் மாநிலச் சட்டம் செல்லாது என்றது. இரண்டையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலை நீங்காத நாட்களில், 1977 ஜனவரி 17 அன்று இரு சட்டங்களும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பரப்புவது என்றால் தன் சமயக் கொள்கைகளை விளக்கி எடுத்துரைப்பது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் ஒரு பாதியை நாமும் ஏற்கலாம். மனிதன் மனிதனை மாற்றுவதில்லை; அழைப்பவர் இறைவன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையும், விசுவாசத்தைப் பரப்புகையில் வற்புறுத்தலும் தகாத தூண்டுதலும் கூடா, ஏழைகளிடமும் எழுத்தறியாரிடமும் சிறப்பாகக் கூடா என்று நம்மைத் தடுக்கிறது. ஆனால் மற்றப் பாதி? நீதிமன்றம் அச்சொல்லின் பொருளை அகராதிகளில் தேடியது. 1948 விவாதத்தில் தேடவில்லை. மாற்றுகிறவனின் உரிமையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, தானே விரும்பி மாறுகிறவனின் மனச்சான்றைப் பற்றிப் பேசவில்லை. சட்ட வல்லுநர் எச். எம். சீர்வாய், கிறிஸ்தவர் அல்லாத பார்சி, இத்தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அது இன்றும் மாற்றப்படவில்லை. அதன் பலத்தில் பல மாநிலங்கள் இன்னும் கடுமையான சட்டங்களை இயற்றியுள்ளன.

தமிழ்நாட்டிலும் 2002-இல் அத்தகைய சட்டம் வந்தது, 2004-இல் நீக்கப்பட்டது. எனவே இன்று நம் பங்கில் வயது வந்த ஒருவர் ஆயத்தம் பெற்றுத் திருமுழுக்குப் பெற்றால், பெயரும் நாளும் ஞானப்பெற்றோரும் நம் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உத்தரப் பிரதேசத்திலோ, 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருமுழுக்குப் பெற விரும்புகிறவர் அறுபது நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். சடங்கு நடத்தும் குருவும் ஒரு மாதத்துக்கு முன்பே தனியாக அறிவிக்கவேண்டும்.