ரயிலைக் கண்காணிப்பவர் எந்த வீட்டில் இருக்கிறார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் நெய்வேலி நிறுவனம் பதிவான நாள் 1956 நவம்பர் 14. அதற்கு ஒன்பதாம் நாள், நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து விருத்தாசலம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றில் விழுந்தது. பெருமழை, ஆற்றில் வெள்ளம், பாலத்தை ஒட்டிய மண்கரை அரித்துப் போயிருந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரில் பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் மாண்டபோதே ராஜினாமா கடிதம் கொடுத்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அப்போது நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனை 1957 தேர்தலில் அரியலூரின் பெயரைச் சொல்லியே கோஷம் போட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

சாஸ்திரி ராஜினாமா செய்தார் என்று எழுதினால் பரீட்சையில் ஒரு மதிப்பெண். ஆனால் அமைச்சர் போய்விட்டால் கரை ஏன் அரித்தது என்று தெரிந்துவிடுமா? அதை விசாரிப்பது யார்? ரயில்வேயே தன்னை விசாரித்துக்கொள்ளலாமா?

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். நம் சுரங்கம் நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. சுரங்கத்தில் விபத்து நடந்தால் வந்து விசாரிக்கும் டி.ஜி.எம்.எஸ். அதிகாரிகளோ தொழிலாளர் அமைச்சகத்தைச் சேர்ந்தவர்கள். தலைமையகம் தன்பாத். உற்பத்தி இலக்கு வைப்பவர் வேறு, பாதுகாப்பைப் பார்ப்பவர் வேறு. உங்கள் அப்பாக்கள் 'இன்ஸ்பெக்‌ஷன்' என்றாலே ஏன் பதறினார்கள் என்பது இப்போது புரிகிறதா?

ரயில்வேக்கு இந்த ஏற்பாடு வந்த கதை சுவாரஸ்யமானது. 1937இல் பாட்னா அருகே பிஹ்டாவில் ஒரு ரயில் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இழுத்துச் சென்றது புதிதாக வாங்கிய பசிபிக் ரக இஞ்சின். அந்த இஞ்சின்களை ஆராய இங்கிலாந்திலிருந்து கர்னல் மவுண்ட் தலைமையில் ஒரு குழு வந்தது. ஆய்வாளர்களே ரயில்வே போர்டுக்குக் கீழ்ப்பட்டு இருந்தால் அது என்ன ஆய்வு என்று அந்தக் குழு கேட்டது. 1941 மே மாதம் ஆய்வாளர்களை ரயில்வேயிலிருந்து பிரித்து தபால், விமானத் துறையில் வைத்தார்கள். பிறகு அவர்கள் தகவல் தொடர்பு அமைச்சகத்துக்குப் போனார்கள். 1961இல் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்று பெயர் மாறியது. 1967 முதல் இன்றுவரை அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆமாம், ரயிலுக்குக் காவல் விமானத் துறை!

இதில் ஒரு விந்தை உண்டு. ராஜினாமா செய்த சாஸ்திரி 1957இல் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சராகத் திரும்பி வந்தார். ரயில்வேயை விட்டுப் போனவர், ரயில்வேயைச் சோதிப்பவர்கள் இருந்த வீட்டுக்கே தலைவரானார்!

வேறு வீட்டில் இருப்பதால் என்ன பயன் என்பவர்கள் பாம்பனைப் பாருங்கள். புதிய பாலத்தைச் சோதித்த தென் வட்டப் பாதுகாப்பு ஆணையர், திட்டமிடும்போதே குறைகள் நேர்ந்துவிட்டன, ரயில்வேயின் சொந்த ஆராய்ச்சி நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ.வின் நெறிமுறைப்படி வடிவமைக்கவில்லை, துருவுக்கு எதிரான ஏற்பாடு போதாது என்று 2024 நவம்பரில் எழுதினார். நிபந்தனைகளோடுதான் அனுமதி கொடுத்தார். 75 கிலோமீட்டர் வேகம், தூக்கும் பகுதியில் 50. ரயில்வே மறுத்துப் பேசினாலும் ஐந்து பேர் குழு போட வேண்டிவந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறந்தது. உள்வீட்டு ஆள் இப்படி எழுதியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

குறையும் உண்டு. ஆணையர்கள் ரயில்வேயிலிருந்தே வருகிறவர்கள். அவர்கள் பரிந்துரையை ரயில்வே ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை. சட்ட அதிகாரமுள்ள தனி ஆணையம் வேண்டும் என்று அனில் ககோட்கர் குழு 2012இல் சொன்னது. அது இன்னும் வரவில்லை.

விமானத்துக்கு வருவோம். உடான் திட்டத்தின் 2017 முதல் சுற்றில் நம்மூர் ஓடுதளத்தின் பெயரும் இருந்தது. விமானம் வந்தபாடில்லை, அது வேறு கதை. உரிமம் தரும் டி.ஜி.சி.ஏ., விபத்தை விசாரிக்க 2012இல் அமைத்த பிரிவு இரண்டுமே ஒரே விமான அமைச்சகத்தில். 2022 ஜனவரி வரை ஏர் இந்தியாவும் அதே கூரையின் கீழ். ரயிலுக்கு வெளியாள் வேண்டும் என்று கண்டுகொண்டவர்கள் விமானத்துக்கு அதை ஏன் யோசிக்கவில்லை?

சாலையின் நிலைமைதான் மோசம். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தினம் ஏறக்குறைய மூன்று அரியலூர். பெரும்பாலும் போலீஸ் வழக்கு எழுதுவார்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துச் சான்று கொடுப்பார், டிரைவர் கோர்ட்டுக்கு அலைவார். வளைவு சரியா, விளக்கு எரிந்ததா, ரோடு போட்டது யார் என்று கேட்க ரயிலுக்கு இருப்பதுபோல் ஒரு ஆணையர் இல்லை. கோவை கங்கா மருத்துவமனை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. ஒரு டாக்டர் கேஸ் போட்டுத்தான் இது நடக்க வேண்டியிருந்தது.

2025 ஜூலை 8 அன்று நம் கடலூருக்குப் பக்கத்தில் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே சுரங்கப்பாதை கட்ட மாவட்ட நிர்வாகம் ஓராண்டாக ஒப்புதல் தரவில்லை என்று ரயில்வே அறிக்கை விட்டது. தண்டவாளம் மத்திய அரசுடையது, கேட்டைத் தாண்டும் ரோட்டுக்கு வேறு அலுவலகம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் யார்?

ரயில்வேயிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் பகுதியில் இப்படிக் கிடப்பில் இருக்கும் கேட்டுகள் எவை, கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள்.