இறந்தவன் கடன்

இறந்தவன்மீது வழக்கு நடவாது என்பது பழைய நீதி. இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டமும் அதனையே தழுவியது. கடன்பட்டவன் இறந்தால், அவன் முதுசத்திற்குப் பிரதிநிதி ஒருவர் இருந்தாலன்றிக் கடன் கொடுத்தவன் வழக்காட இயலாது. அப்பிரதிநிதியும் தம் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளி.

அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்தவர்களுக்கு முதுசம் ஏது? கம்பளி ஒன்று, பாத்திரம் சில. கடன்மட்டும் நிறைய இருந்தது. கடல் கடந்து வந்த வழிச்செலவு, அரிசி, பெரிய கங்காணி தந்த முன்பணம் எல்லாம் அதில் அடங்கும். இன்ன தொகை செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் எனத் தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டே ‘துண்டு’. அதில் நின்றது பெரும்பாலும் கூட்டத்தின் மொத்தக் கடன். ஆகவே ஒருவன் மாண்டாலும் தொகை குறைய வேண்டியதில்லை. அவன் பங்கை உறவினர் பேரிலோ கூட்டத்தார் பேரிலோ ஏற்றுவதும் வழக்கமாயிருந்தது. நீதிமன்றமும் வேண்டாம், பிரதிநிதியும் வேண்டாம். பேரேட்டில் பெயர் மாறினால் போதும். பட்டணத்து வாரிசுக்குச் சட்டம் அளித்த காப்பு, லயத்து விதவைக்கு எட்டவில்லை.

மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகியோரின் 1917ஆம் ஆண்டு அறிக்கை தொழிலாளர் கடனையும் ஆராய்ந்தது. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கங்காணியின் பற்றுவரவுப் புத்தகம்மட்டும் உடனே மூடப்படவில்லை.