ஆறாயிரம் பெயர்களும் ஒரு காரும்

1955ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் கவிஞர் மரியான் மூருக்கு ஃபோர்டு மோட்டார் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உருவாகிவரும் புதிய காருக்குப் பெயர் வேண்டும் என்பது கோரிக்கை. கவிஞர் சலிக்காமல் பல பெயர்களை எழுதியனுப்பினார். 'உட்டோப்பியன் டர்ட்டில்டாப்' அவற்றுள் ஒன்று. எதுவும் ஏற்கப்படவில்லை. இலக்கிய உலகம் இதை ஒரு வேடிக்கையாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் பெருநிறுவனம் ஒன்று புதிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிர்வாக முறையைப் புரிந்துகொள்ள நமக்கு இதைவிட நல்ல வாயில் கிடைப்பது அரிது.

ஃபோர்டு வைத்திருந்தவர்கள் கையில் பணம் சேர்ந்ததும், போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் பியூக், போன்டியாக் கார்களுக்கு மாறிவிடுவார்கள். அந்த நடுத்தர விலைச் சந்தையைப் பிடிக்க 1955இல் தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. சந்தை ஆய்வுக்குப் பொறுப்பேற்ற டேவிட் வாலஸ், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்தின் துணையோடு பியோரியா, சான் பெர்னார்டினோ ஆகிய இரு நகரங்களில் கார் வாங்கிய 1,600 பேரிடம் கருத்துக் கேட்டார். முன்னேறிவரும் இளம் அதிகாரியின் கார் என்னும் பிம்பம் அவ்வாய்விலிருந்து உருவாயிற்று.

பெயருக்காக விளம்பர நிறுவனம் திரட்டித் தந்த பட்டியலில் மட்டும் சுமார் 6,000 பெயர்கள். பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. 1956 நவம்பரில் கூடிய நிர்வாகக் குழுவுக்கோ ஒன்றும் பிடிக்கவில்லை. தலைமை வகித்த எர்னஸ்ட் பிரீச், ஹென்றி ஃபோர்டின் மறைந்த மகன் எட்சலின் பெயரையே சூட்டிவிடலாம் என்றார். 'கோர்சேர்', 'சைட்டேஷன்', 'பேசர்', 'ரேஞ்சர்' ஆகிய நான்கும் காரின் உட்பிரிவுகளுக்குப் போயின. நம் இலக்கணத்தின் சொற்களில் கூறினால், காரணப்பெயர் தேடிப் புறப்பட்டவர்கள் இடுகுறிப்பெயரோடு திரும்பினார்கள்.

அளவுக்கு மீறிய ஆய்வே எட்சலைக் கெடுத்தது என்று சொல்வதுண்டு. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தவில்லை. காரின் வெளித்தோற்றத்துக்கு 1955 ஆகஸ்டிலேயே, கவிஞருக்குக் கடிதம் போகும் முன்பே, ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆய்வு பிம்பத்தைப் பற்றியதாக இருந்தது; உருவத்தையும் இயந்திரத்தையும் அது தீர்மானிக்கவில்லை. பெயரைப் பற்றி மக்கள் சொன்னதும் கடைசியில் ஒதுக்கப்பட்டது. ஆகவே குறை கேட்டதில் இல்லை; கேட்டதற்கு முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி போடப்படாததில்தான் இருந்தது.

தனிப் பிரிவுக்குத் தனித் தொழிற்சாலையும் இல்லை. ஃபோர்டு, மெர்குரி கார்கள் தயாரான அதே வரிசைகளில் இடையிடையே எட்சலும் பூட்டப்பட்டது. பழகிய வேலைக்கு நடுவே வேறு பாகங்களைப் பொருத்த நேர்ந்ததால் தரம் குலைந்தது. குறைகளோடு பல கார்கள் விற்பனையாளரிடம் வந்து சேர்ந்தன.

1957 செப்டம்பர் 4 அன்று கார் வெளியானது. அதற்கு முந்தைய மாதமே அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தொடங்கியிருந்தது. 1955இன் செழிப்பைக் கண்டு போட்ட கணக்கை 1957 ஏற்கவில்லை. முதலாண்டு இலக்கு 2 லட்சம் கார்கள். 1958ஆம் ஆண்டு மாதிரியில் அமெரிக்காவில் தயாரானவை 63,000 சொச்சமே. 1959 நவம்பரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இழப்பு ஏறத்தாழ 25 கோடி டாலர் என மதிப்பிடப்படுகிறது. அந்த இலையுதிர் காலத்தில் அதே நிறுவனம் வெளியிட்ட 'ஃபால்கன்' என்னும் சிறிய, மலிவான கார் முதலாண்டிலேயே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. திறமைக்கு அங்கே பஞ்சமில்லை என்பதற்கு அதுவே சான்று.

1980களில் ராபர்ட் கூப்பர் என்னும் கனடியப் பேராசிரியர் 'ஸ்டேஜ்-கேட்' என்றொரு முறையை வகுத்தார். புதிய பொருள் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு வாயிலைக் கடக்க வேண்டும். தொடரலாமா, நிறுத்தலாமா என்று அங்கே மீண்டும் கேட்கப்படும். இன்று பல பெருநிறுவனங்கள் பின்பற்றும் முறை இது. எட்சலின் பாதையிலும் கூட்டங்கள் பல நடந்தன. ஆனால் நிறுத்தும் அதிகாரத்தோடு யாரும் வாயிலில் நிற்கவில்லை. திட்டம் தீட்டியவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. முடிவெடுத்த நாளுக்கும் பொருள் கடைக்கு வரும் நாளுக்கும் இடையில் உலகம் மாறிவிடும் என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவுதான் நிர்வாகத்தின் அரிய பகுதி. ஆறாயிரம் பெயர்களைத் திரட்டுவது அதைவிட எளிது.