பள்ளி வாசலில் ஓர் அட்டை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி ஆறுவதற்குள் முடியாது. பொறுமை இருப்பவர்கள் உட்கார்ந்து படியுங்கள்.

2025 ஜூலையில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு டல்லாஸிலிருந்து மகள் கூப்பிட்டாள். அங்கே போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "அப்பா, பாப்பாவோட தடுப்பூசி அட்டை நம்ம பீரோவுல இருக்கா பாருங்க. அது இல்லாம ஸ்கூல்ல சேர்க்க மாட்டாங்களாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அட்டை இல்லாவிட்டால் ஒரு ஆறு வயதுக் குழந்தைக்குப் படிப்பு இல்லையா? 36 வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவன் நான். ஜூன் பிறந்தால் தெருத்தெருவாகப் போய், ஆடு மேய்க்கப் போன பிள்ளையை, செங்கல் சூளைக்குப் போன பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்து பெயர் எழுதிய கை இது. பிறப்புச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வாசலில் நிறுத்துவது என்பது எங்கள் தொழிலில் இல்லாத காரியம்.

மகளிடம் அதைச் சொன்னேன். "இங்க அப்படித்தாம்ப்பா, நூறு வருஷத்துக்கு மேல இருக்கிற வழக்கமாம்" என்றாள். அட்டையை அப்புறம் தேடலாம் என்று முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? ஒரு மாதம் ஓடிவிட்டது. படித்ததில் கொஞ்சம் இங்கே.

பெரியம்மைக்கு ஜென்னர் தடுப்பு கண்டது 1796-ல். அடுத்த முப்பத்தொரு வருடத்தில், 1827-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் பொதுப் பள்ளியில் சேரும் பிள்ளைகள் அம்மை குத்தியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் அதை 1855-ல் மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கியது.

இதில் என் கண்ணில் பட்டது இன்னொரு தேதி. பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்டதும் அதே மாசசூசெட்ஸ்தான். வருடம் 1852. அந்த மாநிலத்தின் கல்வி வாரியத்தில் செயலாளராக இருந்த ஹொரேஸ் மான் பெயரை ஆசிரியர் பயிற்சித் தேர்வுக்காக நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். அப்போது யாரும் எங்களுக்கு இந்த மூன்று வருட இடைவெளியைச் சொல்லித் தரவில்லை. உன் பிள்ளையை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று அரசு ஐம்பது வீட்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைக்கிறது. அந்த அறையில் ஒரு பிள்ளைக்குப் பெரியம்மை என்றால்? கட்டாயம் என்று கூப்பிட்டவனுக்குத்தானே அந்தப் பொறுப்பும். எனக்கு முதன்முதலில் கோபம் கொஞ்சம் தணிந்தது இந்த இடத்தில்தான்.

கோபம் மறுபடி ஏறிய இடமும் உண்டு. அது இங்கிலாந்து. அங்கே 1853-ல் கைக்குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கினார்கள். பள்ளி வாசலில் கேட்கவில்லை, வீட்டு வாசலுக்கே போய் அபராதம் போட்டார்கள். கட்டாவிட்டால் வீட்டுச் சாமான் ஏலம், சிறை. காசு உள்ளவன் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவான், கூலிக்காரன் எங்கே போவான்? 1885-ல் லெஸ்டர் நகரத்தில் பல்லாயிரம் பேர் திரண்டு ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1898-ல் அரசு இறங்கி வந்து, மனசாட்சிப்படி மறுப்பவர்களுக்கு விலக்கு என்று எழுதியது. அடித்து வாங்க முடியாது என்று அவர்களுக்குப் புரிய 45 வருடம் ஆனது.

திரும்ப அமெரிக்காவுக்கு வருவோம். 1902-ல் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் பெரியம்மை பரவியது. எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று நகரச் சுகாதார வாரியம் உத்தரவு போட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். ஸ்வீடனில் சிறுவனாக இருந்தபோது அம்மை குத்தியதால் தான் பட்ட பாடு போதும் என்றார். அபராதம் 5 டாலர். அந்த 5 டாலருக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 1905-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஊரின் பாதுகாப்புக்காகத் தனிமனிதனின் விருப்பத்துக்கு அரசு வரம்பு கட்டலாம் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். 1922-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து பள்ளி வழக்கே வந்தது. ஊசி போடாததால் ஒரு மாணவியைப் பள்ளிக்குள் விடவில்லை. அதுவும் சரியே என்று எல்லா நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள்.

சரி, சட்டம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தால், 1927-ல் ஒரு கறுப்பு அத்தியாயம். மனவளர்ச்சி குன்றியவள் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னுதாரணமாகக் காட்டியது எதைத் தெரியுமா? அந்தப் பாதிரியாரின் அம்மை வழக்கை. கட்டாயம் என்றாலே சந்தேகப்படுகிறவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பயத்துக்கு வரலாற்றில் இடம் இருக்கிறது.

இப்போது நான் மிகவும் ரசித்த கதைக்கு வருகிறேன். டெக்சார்கானா என்று ஒரு ஊர். பெயரைப் பார்த்தாலே தெரியும், பாதி டெக்சாஸில், பாதி ஆர்கன்சாஸில். நடுவே ஓடும் சாலைக்குப் பெயரே மாநில எல்லைச் சாலை. அங்குள்ள தபால் நிலையக் கட்டடமே இரண்டு மாநிலத்திலும் கால் வைத்து நிற்கிறது. கடைத்தெரு ஒன்று, காற்று ஒன்று. ஆனால் சட்டம் மட்டும் இரண்டு. ஆர்கன்சாஸ் பக்கம் பள்ளியில் சேரத் தட்டம்மைத் தடுப்பூசி கட்டாயம். டெக்சாஸ் பக்கம் அப்போது அப்படி இல்லை.

1970 ஜூனில் தட்டம்மை வந்தது. மறுவருடம் ஜனவரி வரை இருந்தது. மொத்தம் 633 பேருக்கு. அதில் டெக்சாஸ் பக்கம் 606. ஆர்கன்சாஸ் பக்கம் 27. டெக்சாஸ் பக்கம் மக்கள்தொகை இருமடங்கு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு எங்கே நிற்கிறது பாருங்கள். சாலையைக் கடந்து வர தட்டம்மைக்கு யாரும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. அந்தப் பக்கம் வந்தும் அதற்குப் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்க வேண்டிய பாடம். நான் பணியில் இருக்கும்போது தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தம்.

நம் ஊரில் தட்டம்மை என்றால் இன்னும் "மணல்வாரி, மூணு நாள்ல இறங்கிடும்" என்பார்கள். வேப்பிலை கட்டி, எண்ணெய்ச் சட்டி வைக்காமல், காத்திருப்பார்கள். பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். இறங்காத வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி வந்தது 1963-ல். அதற்கு முன்பு அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டிலேயே வருடத்துக்கு 400, 500 பேர் தட்டம்மையால் இறந்தார்கள்.

1976-ல் அலாஸ்காவிலும் தட்டம்மை பரவியது. அங்கே ஒரு தேதியை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாளில் அத்தாட்சி இல்லாத பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 89,109 பேரில் 7,418 பேர். இந்த எண்ணைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழாயிரம் பிள்ளைகள் பையோடு வீட்டுக்குத் திரும்பி நடப்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த வரியைப் படித்தேன். ஒரு மாதம் கழித்து வெளியே இருந்தவர்கள் 51-க்கும் குறைவு. மற்ற எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மறுவருடம் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இதே கதை. ஐம்பதாயிரம் பேரை அனுப்பினார்கள், பெரும்பாலோர் சில நாட்களில் அத்தாட்சியோடு வந்துவிட்டார்கள். அதாவது அந்தப் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் எதிர்ப்பாளர்கள் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த வாரம் போடலாம் என்று தள்ளிப் போட்டவர்கள். நம் ஊரில் வருமானச் சான்று கேட்டால் கடைசி நாள் வரை கொண்டுவராத பெற்றோரை எனக்கு நன்றாகத் தெரியும். அதே ஆட்கள்தான். 1980 வாக்கில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இந்தச் சட்டம் வந்துவிட்டது. 2000-ல் தங்கள் நாட்டில் தட்டம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 1955-ல் கட்டர் என்ற நிறுவனம் தயாரித்த போலியோ மருந்தில் உயிருள்ள கிருமி தங்கிவிட்டது. சுமார் 200 பேருக்குக் கைகால் முடங்கியது, 10 பேர் இறந்தார்கள். அரசு நடுவே புகுந்து மருந்தைத் திரும்பப் பெற்று, சோதனை முறைகளைக் கடுமையாக்கியது. 1986-ல் தடுப்பூசியால் பாதிக்கப்படும் குழந்தைகளுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். கட்டாயம் என்று சொல்கிற வாய்தான், தவறு நடந்தால் பொறுப்பும் ஏற்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி இல்லாத கட்டாயத்துக்கு நான் கை தூக்க மாட்டேன்.

நம் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு 2017 பிப்ரவரியே போதும். தட்டம்மை, ரூபெல்லா ஊசியை 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் பள்ளியிலேயே போடும் திட்டம். நண்பர்களுக்கு நினைவிருக்கும், அந்த மாதம் வாட்ஸ்அப்பில் என்னென்ன குரல் பதிவுகள் வந்தன என்று. ஊசி போடும் நாளன்று என் பள்ளியில் பாதி வகுப்பு காலி. தீபாவளிக்கு மறுநாள்கூட அப்படி இருந்ததில்லை. எங்கள் காலத்தில் அம்மை குத்துகிறவர் வந்தால் நாங்கள்தான் வைக்கோல் போரில் ஒளிவோம், பெற்றோர் இழுத்துவந்து நிறுத்துவார்கள். இப்போது பெற்றோரே பிள்ளைகளை ஒளித்து வைத்துவிட்டார்கள்.

மறுநாள் செவிலியர் சகோதரியும் நானும் வீடு வீடாகப் போனோம். ஒரு தாய் கேட்டாள், "சார், எல்லாம் சரி. உங்க வீட்டுப் பிள்ளைக்குப் போட்டீங்களா?" என் தம்பி பேத்தி எங்கள் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு. அடுத்த நாள் அத்தனை பேர் முன்னிலையில் முதல் ஊசி அவளுக்கு. அவள் கத்திய கத்தல் ரோடு வரை கேட்டது! ஆனாலும் அந்தத் தாய் மகனைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினாள். அன்று நான் பள்ளிக் கதவைச் சாத்தியிருந்தால் அவள் வந்திருப்பாளா? சிலர் வந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பையன் மறுபடி ஆடு மேய்க்கப் போயிருப்பான் என்றும் தோன்றுகிறது. அலாஸ்காவில் வெளியே போன பிள்ளை ஒரு மாதத்தில் திரும்பியது. எங்கள் ஊரில் ஒரு மாதம் வெளியே இருந்த பிள்ளை திரும்பியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே கட்டாயம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. தட்டம்மை போன்ற வேகமாகப் பரவும் நோய்க்குப் பள்ளி கேட்கத்தான் வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் தடுப்பூசிக்கு ஒரு கட்டம் இருக்கட்டும். அது காலியாக இருந்தால், பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அந்த வாரமே செவிலியர் பள்ளிக்கு வரட்டும். மறுக்கிற பெற்றோரோடு தலைமையாசிரியர் உட்கார்ந்து பேசட்டும். ஊரில் நோய் பரவும் நாட்களில் மட்டும் ஊசி போடாத பிள்ளை வீட்டில் இருக்கட்டும், அதுவும் அந்தப் பிள்ளையின் பாதுகாப்புக்காக. இதுதான் என் கருத்து. மாறுபடுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், திட்டாமல் எழுதுங்கள்.

சட்டம் இருந்தும் கோட்டை விடலாம் என்பதற்கு மகள் இருக்கும் டெக்சாஸே சாட்சி. அங்கே மனசாட்சிக் காரணம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் ஊசி இல்லாமலே சேரலாம். 2025 ஜனவரியில் மேற்கு டெக்சாஸில், அப்படி விலக்கு வாங்கியவர்கள் நிறைந்த ஒரு பகுதியில், தட்டம்மை கிளம்பியது. ஆகஸ்டில் ஓய்ந்தபோது 762 பேர். பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்துபோனார்கள். இருவருக்கும் ஊசி போடவில்லை. அடுத்த மாதமே ஃபுளோரிடா மாநிலம் பள்ளிகளில் எல்லாத் தடுப்பூசிக் கட்டாயத்தையும் நீக்கப்போவதாக அறிவித்தது.

அட்டை கிடைத்தது. பீரோவில் இல்லை, என் மனைவி ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். பேத்தி பிறந்தது 2019 ஜூலையில். ஒன்பதாம் மாத ஊசி விழ வேண்டியது 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரம். அந்தக் கட்டத்தில் ஜூன் மாதத் தேதி இருந்தது. பக்கத்தில் சுகாதாரச் செவிலியரின் கையெழுத்து. அவர் மூன்று தடவை போன் செய்து, முகக்கவசத்தோடு வாசலில் வந்து நின்று அழைத்துப் போனது நினைவுக்கு வந்தது.

அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். அதிலும் மூன்று குறை. நம் அரசு ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து கிடையாது. சின்னம்மைக்கும், மஞ்சள்காமாலையில் ஏ வகைக்கும் நம் அட்டையில் கட்டமே இல்லை. டெக்சாஸ் இவை மூன்றையும் கேட்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தப்பிக்கலாமே என்று அக்கம்பக்கத்தில் யாரோ மகளிடம் சொன்னார்களாம். அவள் போடவில்லை. கிளினிக்குக்கு அழைத்துப் போய்விட்டாள். அன்று இரவு வீடியோ காலில் பேத்தி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். இரண்டிலும் பொம்மை படம் போட்ட பிளாஸ்திரி. "வலிச்சுது தாத்தா, ஆனா ரெண்டு ஸ்டிக்கர் குடுத்தாங்க" என்றாள்.