மாத்திரை அட்டையோடு வரும் அந்தத் தாள்

மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கினவங்களுக்குத் தெரிந்திருக்கும். அட்டையோடு சேர்த்து, எட்டாக மடித்து, எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு தாள் இருக்கும். குமட்டல் வரலாம், தலைவலி வரலாம், ரத்தம் உறையலாம், இன்னின்ன பிரச்சினை இருந்தால் சாப்பிடாதீங்க. பெரும்பாலும் நாம அதைப் படிக்காமலே குப்பையில் போட்டுடுவோம்.

ஆனால் அந்தத் தாள் சும்மா வந்துடலை. 1960ல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது, சாப்பிடுறவங்க கையில் கொடுக்க அப்படி ஒண்ணு கிடையாது. அது வர பத்து வருஷம் ஆச்சு. அதுக்காக அமெரிக்க செனட் விசாரணையில் சில பெண்கள் எழுந்து நின்று சத்தம் போட வேண்டியிருந்தது. "எனக்கு ஒத்துக்கிற முறை எது?" என்று இன்னிக்கு ஒருத்தர் டாக்டரிடம் கேட்க முடியுதுன்னா, அதுக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கு.

போர்ட்டோ ரிக்கோ, 1956

மாத்திரையை உருவாக்கினவங்களில் முக்கியமானவர் கிரிகரி பின்கஸ் என்ற உயிரியல் விஞ்ஞானி. கூட இருந்தவர் ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவர். பணம் போட்டவர் கேத்தரின் மெக்கார்மிக். இவர்கள் வேலை செய்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்போ கருத்தடைக்கு எதிரான சட்டம் அமலில் இருந்தது. அதனால் பெரிய அளவிலான சோதனையை அமெரிக்க ஆளுகைக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கொண்டு போனார்கள். 1956ல், ரியோ பியெத்ராஸ் பகுதியில் ஏழைகளுக்காகக் கட்டின குடியிருப்பில் வேலை தொடங்கியது.

அடுத்தடுத்து குழந்தை பெற்று சோர்ந்து போயிருந்த பெண்கள் விரும்பியே சேர்ந்தார்கள். கர்ப்பம் ஆகாமல் தடுக்கிற மாத்திரை என்று அவர்களுக்குச் சொன்னாங்க. இது இன்னும் சோதனையில் இருக்கிற மருந்து என்பதைச் சொல்லலை.

சோதனையைக் களத்தில் நடத்தினவர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர். அவர் கொடுத்த அறிக்கையில் ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு, ஒழுங்காகச் சாப்பிட்டால் மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்குது. ரெண்டு, 17 சதவீதம் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்று வலி, வாந்தி. பக்க விளைவுகள் இவ்வளவு இருந்தால் இதை எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்று அவர் தெளிவாகவே சொன்னார்.

பின்கஸ் அதை ஏற்கலை. இதில் பெரும்பகுதி மனசு சம்பந்தப்பட்டது என்றார். அதை நிரூபிக்க வெறும் மாத்திரை கொடுத்தும் ஒரு சோதனை செய்தார். எச்சரிக்கை சொல்லிக் கொடுத்தபோது, மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவங்களில் சிலருக்கும் குமட்டல் வந்தது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எதிர்பார்ப்பே உடம்பைப் படுத்தும் என்பது இன்னிக்கும் மருத்துவம் ஒத்துக்கிற விஷயம். ஆனால் "கொஞ்சம் மனசும் காரணம்" என்பதுக்கும் "எல்லாமே மனசுதான்" என்பதுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கு. அந்தச் சோதனைகளின்போது மூன்று பெண்கள் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கலை. மாத்திரைதான் காரணமா இல்லையா என்பதை இனி யாராலும் சொல்லவே முடியாது.

அளவில் இருந்த கோளாறு

அந்தப் பெண்கள் கற்பனை பண்ணிக்கலை. முதல் மாத்திரையான எனோவிட்டில் கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் புரோஜெஸ்டின் வகை ஹார்மோனும், 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜனும் இருந்தது. நம்ம ஊர் மாலா-டி மாத்திரையில் இருக்கிற ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம். ரெண்டும் வேற வேற வகை ஈஸ்ட்ரோஜன் என்றாலும், வீரியத்தைக் கணக்கில் எடுத்தாலும்கூட எனோவிட்டில் இருந்தது மூன்று மடங்குக்கு மேல்.

அந்த ஈஸ்ட்ரோஜன் உள்ளே வந்த கதையும் விசித்திரம்தான். ஆரம்பத்தில் அது மருந்து தயாரிக்கும்போது தெரியாமல் கலந்த ஒரு கலப்படம். அதை நீக்கிச் சுத்தம் செய்தபோது, மாதவிடாய் நாட்கள் இல்லாத நேரத்திலும் ரத்தப்போக்கு வந்தது. அதனால் தெரிந்தே திரும்பச் சேர்த்தார்கள். ஒரு பக்க விளைவை நிறுத்தப் போய், இன்னொன்றுக்குக் கதவு திறந்த மாதிரி ஆச்சு.

1961லேயே பிரிட்டனில் ஒரு மருத்துவர், இந்த மாத்திரை சாப்பிட்ட பெண்ணின் நுரையீரலில் ரத்தக்கட்டி ஏற்பட்டதை மருத்துவ இதழில் எழுதினார். சந்தேகம் உறுதியாக ஏழு வருஷம் ஆச்சு. 1968ல் பிரிட்டிஷ் ஆய்வுகள் மாத்திரைக்கும் ரத்த உறைவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. அடுத்த வருஷம், ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராமுக்கு மேல் போகாத மாத்திரைகளையே எழுதிக் கொடுங்க என்று அங்கே மருத்துவர்களுக்கு அறிவுரை போனது.

"எங்களை ஏன் கேட்கலை?"

1969ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் பார்பரா சீமன், மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது செனட்டர் கேலார்ட் நெல்சனின் கவனத்துக்கு வந்தது. 1970 ஜனவரியில் அவர் விசாரணை தொடங்கினார். நிபுணர்கள் ஒவ்வொருத்தரா வந்து சாட்சி சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்கூட அழைக்கப்படலை.

பார்வையாளர் வரிசையில் ஆலிஸ் வுல்ஃப்சனும் அவர் தோழிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மாத்திரையால் அவதிப்பட்டவங்களும் இருந்தாங்க. கேட்கக் கேட்கப் பொறுக்கலை. எழுந்து கேள்வி கேட்டார்கள். மாத்திரை சாப்பிட்ட பெண்கள் ஏன் சாட்சி சொல்லலை? எங்களை ஏன் சோதனை எலி ஆக்கினீங்க? விசாரணை நடுவில் நின்றது. டிவி கேமராக்கள் முன்னாடியே இது நடந்ததால் நாடு முழுக்கப் பார்த்தது.

எதிர்த்தரப்பிலும் வாதம் இருந்தது. இப்படிப் பயமுறுத்தினால் பெண்கள் மாத்திரையை நிறுத்துவாங்க, விரும்பாத கர்ப்பங்கள் கூடும் என்றார்கள். அந்தக் கவலை பொய்யில்லை, பலர் நிறுத்தவும் செய்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் மாத்திரையைத் தடை பண்ணச் சொல்லலை. தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கணும் என்றுதான் கேட்டார்கள். அதே 1970ல், மாத்திரையோடு ஒரு எச்சரிக்கைத் தாள் வைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டது. முதல் தாள் ரொம்பச் சின்னது. மீதியை டாக்டரிடம் கேளுங்க என்கிற ரகம். 1978ல்தான் விரிவான தாள் வந்தது.

நம்ம பக்கம்

இந்தியாவில் இந்தக் கதை மாத்திரையில் தொடங்கலை, லூப்பில் தொடங்கியது. 1965ல் அரசு லிப்பஸ் லூப் என்ற பிளாஸ்டிக் சாதனத்தைப் பெரிய அளவில் கொண்டு வந்தது. முதல் ரெண்டு வருஷத்தில் லட்சக்கணக்கான பெண்களுக்குப் பொருத்தினார்கள். பலருக்கு ரத்தப்போக்கு அதிகமாச்சு, வலி வந்தது. வரலாம் என்று முன்கூட்டிச் சொன்னவங்களும் குறைவு, வந்த பிறகு பார்த்துக்கிட்டவங்களும் குறைவு. பேச்சு ஊர் ஊராகப் பரவியது. 1967க்குப் பிறகு லூப் வைத்துக்கொள்கிறவர்களின் எண்ணிக்கை இறங்கியது. அதிகாரிகள் அதை வதந்தி என்றார்கள். வதந்திக்குள்ளே நிஜமான ரத்தப்போக்கும் இருந்தது.

இன்னொரு பக்கம், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாத ஒரு மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நித்ய ஆனந்த் குழு உருவாக்கிய சென்ட்குரோமன், 1991ல் 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. 2017ல் 'சாயா' என்ற பெயரில் அரசு இதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஹார்மோன் மாத்திரையின் குமட்டல், வாந்தி இதில் வராது. ஆனால் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப் போகும். பிசிஓடி, கல்லீரல் பிரச்சினை உள்ளவங்களுக்கு இது ஏற்றதில்லை.

ஆக, பக்க விளைவே இல்லாத ஒரு முறை இதுவரை வரலை. ஒருத்தருக்கு ஒத்துக்கிறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது. காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது, ஆனால் மாதவிடாய் ரத்தப்போக்கு கூடலாம். ஒற்றைத் தலைவலி வரும் முன் கண்ணில் மின்னல் மாதிரி தெரிகிறவங்களும், 35 வயதுக்கு மேல் புகைபிடிக்கிறவங்களும் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைத் தவிர்க்கணும்.

10 மில்லிகிராம் மாத்திரை சின்னதானதில் ஆய்வகத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆனால் முதல் தகவல் ரியோ பியெத்ராஸில் வாந்தி எடுத்த பெண்களிடம் இருந்துதான் வந்தது. அதை மருத்துவத் தகவலாக மதிக்க உலகம் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கிட்டது.

அதனால் ஒரு மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கலைன்னா, எந்த நாளில் என்ன ஆச்சு என்று குறிச்சு வைங்க. டாக்டரிடம் போய்ச் சொல்லுங்க, வேற என்ன வழி இருக்குன்னு கேளுங்க. "எல்லாம் மனசுதான்" என்று ஒரு டாக்டர் அனுப்பி வைத்தால், இன்னொரு டாக்டரைப் பாருங்க. அப்புறம், அடுத்த முறை அட்டை வாங்கும்போது அந்தத் தாளை ஒருமுறை பிரிச்சுப் படிங்க.