அரசர் முகமும் உரைகல்லும்

வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, நாற்பது ஆண்டுகள் உரைகல்லும் தராசுமாகக் காலம் கழித்தவன் நான். காசைக் கண்டால் முதலில் மாற்று, அப்புறம்தான் வரலாறு. அந்தப் பழக்கத்தோடு ஸ்பெயின் நாட்டுப் பொற்காசுகளைப் பற்றிப் படித்தபோது ஒரு சேதி மனதை உறுத்தியது.

1497-இல் பெர்தினாந்து மன்னரும் இசபெல்லா அரசியும் மெதினா தெல் காம்போ நகரில் நாணயச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தனர். அதன்படி, வெனிஸ் நகரத்து டுகாட் காசை ஒத்து 23¾ காரட்டில் பொற்காசு வந்தது. ஏறக்குறைய சொக்கத்தங்கம். அதனாலேயே அது வெளிநாடுகளுக்கு ஓடிப்போயிற்று. ஆகவே அவர்கள் பேரன் ஐந்தாம் சார்லஸ், 1537-இல் காஸ்தீல் நாட்டில் 22 காரட்டில் 'எஸ்குடோ' என்ற காசைக் கொண்டுவந்தார். இன்று நம் கடைகளில் '916' என்கிறோமே, அதே மாற்றுதான்! பின்னாளில் வந்த எட்டு எஸ்குடோ காசின் எடை 27 கிராம். நம் கணக்கில் மூன்றேகால் பவுனுக்கு மேல்.

அமெரிக்கச் சுரங்கத் தங்கம் லிமா, மெக்சிகோ அக்கசாலைகளிலும் காசாயிற்று. காசில் அக்கசாலைக் குறியும், மாற்றுப் பார்த்தவரின் பெயரெழுத்தும் இருக்கும். தப்பு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது காசிலேயே தெரியும். நல்ல ஏற்பாடுதானே?

ஆனால் தப்பு மேலிடத்திலிருந்தே வந்தது. 1772-இல் மூன்றாம் சார்லஸ் பழைய காசுகளைத் திரும்பப் பெற்றுப் புதிது அடிக்கச் சொன்னார். தேய்ந்ததும் வெட்டுப்பட்டதும் போய்ச் சீரான காசு வரும் என்பது வெளியில் சொன்ன காரணம். கூடவே ஒரு ரகசிய உத்தரவு: மாற்றை ஆயிரத்துக்கு 917-லிருந்து 901 ஆகக் குறை. 1786-இல் மறுபடியும் ரகசியமாக 875. எடை குறையவில்லை, அரசர் முகத்தின் கம்பீரமும் குறையவில்லை. ஆனால் பெரிய காசு ஒன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் தங்கம் காணாமல் போயிற்று!

உரைகல்லிடம் ரகசியம் நிற்குமா? 1793-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் போட்ட சட்டத்தைப் பாருங்கள். ஒரு டாலருக்கு இங்கிலாந்து, போர்ச்சுகல் பொற்காசென்றால் 27 கிரெயின் போதும். ஸ்பெயின், பிரான்சு காசென்றால் 27.4 கிரெயின் வேண்டும்.

எடையைக் குறைப்பதும், மட்டத்தை நல்லதென்று தள்ளிவிடுவதும் களவே என்கிறது எங்கள் சமண அறம். அரசருக்கு மட்டும் அது வேறாகிவிடுமா? பெரிய வியாபாரி உரைத்துப் பார்த்துத் தப்பித்துக்கொள்வான். அரசர் முகத்தை நம்பிக் காசை முடிந்துவைத்த ஏழைதான், தான் இழந்தது இன்னதென்றே தெரியாமல் இழந்தான்.