கைக்குத் தெரிந்த பொத்தான்



போன ஐப்பசியில் மகனின் புதுக் காரில் மேலூரிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தோம். நல்ல மழை. முன்கண்ணாடியின் உள்பக்கம் புகைபோல மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு ஏசி காற்றைத் திருப்பும் இடத்தை மகன் தொடுதிரையில் தேடினான். ஒரு பக்கம், அடுத்த பக்கம், மறுபடி முதல் பக்கம். "லாரிடா!" என்று நான் கத்திய பிறகுதான் நிமிர்ந்தான். பிரேக் போட்டு நின்றபோது இடைவெளி நாலடிதான். பின்சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் தாய்மாமா 1970-களில் மதுரையில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். அந்தக் காரில் கியர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஹெட்லைட்டைத் தாழ்த்தும் சுவிட்ச் தரையில், இடது காலுக்கு எட்டும்படி இருக்கும். எதிரே மாட்டுவண்டி வந்தாலும் பஸ் வந்தாலும் கையும் காலும் தம் வேலையைச் செய்யும். மாமாவின் கண் ரோட்டைவிட்டு அகலாது. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு இது புரியும். பழகிய விரலுக்குப் பார்வை தேவையில்லை. வழவழப்பான திரையில் விரல் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது?

காரில் தொடுதிரை நேற்று வந்ததல்ல. 1986-லேயே அமெரிக்காவின் ப்யூக் ரிவியேரா காரில் ஏசியையும் ரேடியோவையும் ஒரே திரைக்குள் அடக்கினார்கள். ஓட்டியவர்கள் குறைப்பட்டார்கள். 1990 மாடலில் பொத்தான்களே திரும்பி வந்தன. அந்தப் பாடம் பிறகு மறந்துபோயிற்று. பல சுவிட்சுகள் செய்வதைவிட ஒரு திரை வைப்பது கம்பெனிகளுக்குச் செலவு குறைவு, பார்வைக்கும் புதுசு.

2022-ல் ஸ்வீடன் நாட்டு கார் பத்திரிகை ஒன்று சோதித்துப் பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஏசி, ரேடியோ போன்ற சில சாதாரண வேலைகள். பொத்தான் வைத்த 2005 வோல்வோவில் அவற்றை முடிக்க 10 விநாடி ஆனது. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியது. திரை வைத்த புதுக் கார்களில் மிக மெதுவானதற்கு 44.9 விநாடி ஆனது. ஓடிய தூரம் 1,372 மீட்டர்!

கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிச் சுவிட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. 40 வருடம் கழித்து மறுபடி அதே பாடம்.

கார் வாங்கப் போகும் பிள்ளைகளே, ஷோரூமில் வண்டி நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வைப்பரையும் ஏசியையும் தேடிப் பாருங்கள். கை கண்டுபிடித்தால் வாங்குங்கள். ஏற்கெனவே திரை வைத்த கார் வாங்கியவர்கள், ஓரமாக நிறுத்திவிட்டுத் திரையைத் தொடுங்கள். என் மகன் இப்போது அப்படித்தான் செய்கிறான்.

நலமாக இருங்கள்.